உண்மையில் நடந்ததாகச் சொன்ன படங்கள்

திருப்பதி டீச்சர் டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு எல்லோரும் கூந்தல் உலர்த்திக்கொண்டிருக்கும்போது பேச்சு எப்படியும் சினிமாவுக்கு வந்துவிடும். ஒருத்திக்குப் பாட்டு நன்றாக இருந்தால் போதும். ஒருத்திக்குச் சாமி படம்தான் வேண்டும். என் முறை வந்தால், உண்மையில் நடந்த கதையைப் படமாக எடுத்திருந்தால்தான் எனக்குப் பிடிக்கும் என்பேன். "நடக்காததற்கு நான் ஏன் அழ வேண்டும்?" என்றும் கேட்பேன். இந்தப் பேச்சை நான் பெருமையாகத்தான் பேசி வந்தேன். போன மாதம் முதல் பேசுவதில்லை.

அந்தப் படங்களை எல்லாம் நான் பார்த்தது நகரி ரோட்டோரம் போட்டிருந்த டூரிங் கொட்டாயில். எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மைல் நடை. பெண்களுக்கு மணல் தரை, நடுவில் மூங்கில் தட்டி. ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றுவதற்கு நாலு தடவை விளக்குப் போடுவார்கள். படம் மாறும் அன்று மாட்டுவண்டி வரும். இரண்டு பக்கமும் படத் தட்டி, முன்னால் ஒருவர் தமுக்கு அடிப்பார், பின்னால் ஒருவர் ரோஸ் நிறத்திலோ மஞ்சளிலோ நோட்டீஸ் வீசுவார். பிள்ளைகள் பொறுக்கிய நோட்டீஸ் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். எங்கள் தெருவில் எழுத்துப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கிராமத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு நகரியில் ஹைஸ்கூல், அங்கே தெலுங்கும் படித்தேன். ஆக இரண்டு எழுத்தும் எனக்கு வரும்.

கதைச் சுருக்கம், நடிகர் பெயர் எதையும் பெண்கள் கேட்கமாட்டார்கள்.

"கடசீல பாரு பொண்ணே. நெஜம்னு போட்டுக்கீதா?"

போட்டிருக்கிறது என்றால் அன்று சாயங்காலம் தெருவே கிளம்பும். பூக்கட்டிப் பிழைக்கிற ஏழையின் மேல் அம்மன் ஒட்டியாணத்தைத் திருடியதாகப் பழி விழுந்து, அவன் ஏழு வருஷம் ஜெயிலில் இருந்த பிறகு, குளத்தைத் தூர் வாரும்போது ஒட்டியாணம் கிடைக்கிற படம் ஒன்று. எனக்கு அது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வெள்ளத்தில் இரண்டு பிள்ளைகளை மரக்கிளையில் கட்டிவிட்டுத் தான் மட்டும் அடித்துக்கொண்டு போகிற தாயின் படம் ஒன்று. இதெல்லாம் எங்கே நடந்தது என்று நோட்டீசில் இருக்காது. அதைத் திரும்பி நடந்து வரும்போது பெண்களே முடிவு செய்வார்கள்.

"இது சொர்ணமுகியில நடந்தது. எங்க சின்னம்மா சொல்லும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சொர்ணமுகியில ஏதுடி அம்மாந் தண்ணி? வருசத்துல பத்து நாளு ஓடனா பெருசு" என்றாள் அம்மா.

"நெஜம்னு அச்சுல போட்டுக்கீதே, அவன் இன்னா பைத்தியமா?"

அச்சு என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அப்பீல் கிடையாது. ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைக் கிராமங்கள் எந்தப் பக்கம் என்ற சண்டை நடந்த காலம் அது. வாரத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் ஊருக்கு வரும். எங்கள் ஊரில் எல்லோரும் தமிழர்கள் என்று ஒரு காகிதம். வீட்டுக்கு வீடு தெலுங்குதான் என்று இன்னொரு காகிதம். ஒரே நாளில் இரண்டையும் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டு, "ரெண்டும் அச்சுல கீதே. அப்ப ரெண்டும் நெஜந்தான். மேலத் தெரு அது, கீழத் தெரு இது" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். படித்தவளாகச் சிரித்தேன். ஆனால் சினிமா நோட்டீசைப் பற்றி ஒரு தடவைகூட அப்படிச் சிரிக்கத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் அச்சைச் சந்தேகப்பட்டது ஒரே ஒருத்தி. அது எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தை.

அத்தை நைனாவின் தங்கை. கல்யாணமாகி ஆறாவது மாதம் மாமா ரப்பர் தோட்ட வேலைக்கு மலேயாவுக்குக் கப்பலேறினார். யாரையோ எழுதச் சொல்லிப் போட்ட கடிதங்கள் இரண்டு வந்தன. அப்புறம் யுத்தம். ஜப்பான்காரன் சயாம் காட்டில் ரயில் பாதை போடுவதற்குத் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனான் என்று ஊர் திரும்பியவர்கள் சொன்னார்கள். மாமாவைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் யாருமில்லை. அத்தை தாலியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். களை எடுத்தாள், கடலை பிடுங்கினாள், புல் அறுத்தாள். வீட்டில் என் பங்குக்கு வரவேண்டிய வேலையையும் அவளே செய்ததால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

புல்லுக்கட்டோடு அத்தை திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட். கேட்மேன் எங்கள் ஜனம்தான். மனைவியை இழந்தவர். ஏழு வயதில் ஒரு பெண்குழந்தை. கேட் மூடியிருந்தால் தலைச்சுமையை இறக்க அவர் கை கொடுப்பார்.

"எறக்கி வையி மே. கூட்ஸு இன்னும் பொத்தூர் ஸ்டேஷனே தாண்டல."

"அப்ப ஏன் இப்பவே மூடிக்கினு நிக்கிற?"

"நீ வர்றது தெரிஞ்சிதான்."

இதை என் காதால் கேட்டிருக்கிறேன். அத்தை சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்குத் தலை வாரிவிட ஆரம்பித்தாள். பிறகு, கேட் மூடியிருக்கிற நேரமாகப் பார்த்து வயலிலிருந்து கிளம்ப ஆரம்பித்தாள். வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. கேட்மேன் நைனாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்.

எங்கள் ஜனத்தில் அறுத்துக்கட்டுவது, அதாவது பழைய தாலியை அறுத்து வேறொருவரைக் கட்டிக்கொள்வது, கேவலமில்லை. புருஷன் செத்தான் என்று தெரிந்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை. காணாமல் போனவனாக இருந்தால் மட்டும் ஒரு முறை உண்டு. அந்தப் பெண்ணே பெரியவர்கள் முன்னால் "அவர் இல்லை" என்று மூன்று தரம் சொல்லி, தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட வேண்டும். அண்ணனோ அப்பனோ அவளுக்காகச் சொல்ல முடியாது. அவள் வாயால் வரவேண்டும். நைனா நாள் குறித்தார்.

அதற்கு முந்தைய வாரம் கொட்டாயில் படம் மாறியது. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒருவனின் கதை. காய்ச்சலில் கிடந்தவனைப் பிணங்களோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் எழுந்து காடு காடாக நடக்கிறான். ஊர் பேர் மறந்து எங்கெங்கோ கூலி வேலை செய்கிறான். பல வருஷம் கழித்து நினைவு வந்து வீட்டுக்கு வருகிறான். அங்கே அவன் மனைவியை வேறொருவனுக்குக் கட்டிவைக்கப் பந்தல் போட்டிருக்கிறார்கள். அவள் தாலியில் கை வைக்கிறாள், வாசலில் அவன் நிற்கிறான். மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் ஓவென்று அழுதார்கள். நானும் அழுதேன். அத்தை அழவில்லை. மணலை அள்ளி அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கிணற்றடியில் நிறுத்தினாள்.

"நோட்டீசு நீதான படிச்ச. அது நெஜமா?"

"நெஜம்னுதான் போட்டுக்கீது, அத்தே."

"போட்டுக்கீது, சரி. அவன் கொட்டாய் ரொம்பறதுக்கு ஆயிரம் போடுவான். உங்க ஸ்கூல்ல சரித்திரம் சொல்றாரே ஒரு ஐவாரு, அவரைக் கேளு. சயாம்லேருந்து அப்டி யார்னா வந்தாங்களான்னு. எனக்குத் தெரிஞ்சாவணும், கண்ணு."

ஐவாரு என்றால் எங்கள் பக்கத்தில் வாத்தியார். அவர் நல்லவர். கேட்டிருந்தால் தெரிந்ததைச் சொல்லியிருப்பார், தெரியாததைத் தெரியாது என்றிருப்பார். நான் கேட்கவில்லை.

காரணத்தை இப்போது எழுதும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது! அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது "துன்னாங்க" என்று வாயில் வந்துவிட்டது. கடைக்காரர் வீட்டுப் பெண்களும் ஆபீஸர் வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். ஐவாரும் புன்னகை செய்தார். அன்றிலிருந்து நான் வகுப்பில் புத்தகத் தமிழைத் தவிர வேறு பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன். மணல் தரைக் கொட்டாயில் பார்த்த சினிமா நிஜமா என்று அவரிடம் போய்க் கேட்பதா? செவ்வாய்க்கிழமை வாத்தியார்கள் அறை வாசல் வரை போனேன். புதன்கிழமையும் போனேன். இரண்டு நாளும் தண்ணீர் குடிக்கப் போனவள் மாதிரி திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அத்தை கேட்டாள். "கேட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐவாரிடம் பேசப் பயப்படுகிறவள் என்று அத்தைக்குத் தெரிவதை என்னால் பொறுக்க முடியவில்லை. தெருவில் எல்லோருக்கும் படித்துச் சொல்கிற பெண் நான்.

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"நெஜந்தானாம்."

அத்தை இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை முடித்து வைக்க வேண்டும் போலிருந்தது. "அந்த ஆளு சித்தூர்லதான் கீறாராம். ஐவாரு பாத்துக்கீறாராம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வந்து கூடினார்கள். கேட்மேன் சலவை வேட்டியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அம்மா பால் சொம்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"சொல்லும்மா. அவன் இல்லன்னு ஒன் வாயால சொல்லிடு" என்றார் பெரியவர் ஒருவர்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டே, "எனக்குத் தெரியலயே" என்றாள்.

"இத்தினி வருசம் வராதவன் இன்னாத்துக்கு வரப் போறான்?"

"சயாம்லேருந்து ஒருத்தரு வந்துக்கீறாரு. சித்தூர்ல கீறாராம். அவரைப் போயி ஒரு வார்த்த கேக்காம நான் எப்டிங்க இல்லன்னு சொல்றது?" இடுப்பிலிருந்து மடித்த நோட்டீசை எடுத்து முன்னால் வைத்தாள்.

இன்னொரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். "கொட்டாய்ல வந்தவனையா சொல்ற? அப்டின்னா ஜெயிலுக்குப் போனானே பூக்காரன், அவனையும் ஒரு வாய் காப்பிக்குக் கூப்புடு!"

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவின் முகம் சிவந்துவிட்டது. தங்கையைப் பார்த்துச் சிரித்ததைவிட, நான் கொண்டுவந்ததாக அத்தை சொல்லியிருந்த சேதியைப் பார்த்துச் சிரித்ததுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சிரிக்காதீங்க. எம்பொண்ணு ஹைஸ்கூல் ஐவாரையே கேட்டுக்கினு வந்துக்கீது. வாம்மா. நீயே சொல்லு."

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தேன். எங்கள் ஊரில் ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தாள். ஐவாரைக் கேட்கவே இல்லை என்று சொல்ல அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்தது. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தில் இருப்பதுபோல, "ஆமாம். அது உண்மை என்றுதான் ஐயவார் கூறினார்" என்றேன்.

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். "படிச்ச பொண்ணு சொல்லுது. அதுக்கு மேல நாம இன்னா சொல்றது?" என்றார் முதல் பெரியவர். என் உடம்பு முழுவதும் ஏதோ ஓடியது. அது பயமில்லை. சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும்.

கேட்மேன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்டின்னா அவரு வரட்டுங்க. வர்ற மனுசனுக்குக் குறுக்க நான் நிக்கக் கூடாது" என்று நைனாவிடம் சொன்னார். மத்தியான வண்டிக்குக் கேட் மூட வேண்டும் என்று உடனே கிளம்பினார். அத்தையின் பக்கம் திரும்பவில்லை. சொம்புப் பாலை அம்மா காய்ச்சி மற்றவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அத்தை சித்தூர் போனாள். என்னைக் கூப்பிட்டாள். பரீட்சை என்று சொன்னேன், பரீட்சை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாகப் பஸ் ஏறிப் போனவள், இருட்டுகிற நேரத்துக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்டில், கோர்ட் வாசலில், மண்டியில், சயாமிலிருந்து வந்தவர் வீடு எது என்று கேட்டிருக்கிறாள். "சினிமாவுல வந்தவரையா தேடற? போயி தியேட்டர் வாசல்ல நில்லு, ஆட்டம் வுட்டதும் வெளிய வருவாரு" என்று யாரோ வழி சொல்லியிருக்கிறான். இவளும் போய் நின்றிருக்கிறாள்.

"ஊரு பெருசு, கண்ணு. ஒரு நாள்ல ஆவாது" என்றாள். எனக்கு ஒரு பென்சில் டப்பா வாங்கி வந்திருந்தாள். "நீ ஐவாரைக் கேட்டு வந்ததுக்கு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு தடவை போகிறாளா என்று பார்க்கலாம் என இருந்தேன். போனாள். மூன்றாம் தடவையும் போனாள். தை மாதத்தில் கேட்மேனுக்குப் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் பெண் அமைந்தது. அதற்குப் பிறகு அத்தை கேட் வழியாக வரவில்லை. புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு ஏரிக்கரையைச் சுற்றி வந்தாள். எல்லை முடிவாகிப் பள்ளிப்பட்டு மெட்ராஸோடு போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அந்தப் பட்டியலையும் ஊருக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

போன மாதம் எங்கள் டிரெயினிங் ஸ்கூல் விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க, திருப்பதியில் ஓர் அச்சாபீசுக்கு என்னையும் இன்னொரு பெண்ணையும் அனுப்பினார்கள். அழைப்பிதழ் ஆகிற வரை நின்று வேடிக்கை பார்த்தோம். பக்கத்து மேஜையில் கம்பாசிட்டர் ஒருவர் சினிமா நோட்டீசுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அவர் ஒரு பெட்டியைத் திறந்து, ஏற்கனவே கோத்து நூலால் கட்டி வைத்திருந்த ஒரு வரியை எடுத்து அங்கே வைத்தார். ஈய எழுத்து தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வந்தது. 'இது உண்மையில் நடந்த கதை.'

"இது நிஜமா நடந்ததுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இதுவாம்மா? இது ரெடியா கட்டி வெச்ச சரக்கு. ரேணிகுண்டாலேருந்து நகரி வரைக்கும் எல்லாக் கொட்டாய்க்கும் நாமதான். எடம் மிஞ்சினா இதை வெப்போம். இன்னும் மிஞ்சினா பூ போடுவோம்." ஒரு சின்னப் பூ அச்சை எடுத்துக் காட்டினார். கூட வந்தவள் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். வழியெல்லாம் ரயிலில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் நோட்டீஸ் பொய், அடுத்தது என் பொய். இரண்டையும் சொல்லிவிட வேண்டும். அத்தை வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். முன்தலை நரைத்துவிட்டது. கழுத்தில் தாலி இருந்தது. எதிரில் உட்கார்ந்து நானும் இரண்டு கடலை உடைத்தேன். அச்சாபீசில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அத்தையின் கை நின்றது. "பூவுக்குப் பதிலா வெக்கிறதா அது?"

"ஆமா, அத்தே."

"அப்ப சித்தூர்ல யாரும் இல்ல."

"இல்ல."

கொஞ்ச நேரம் முறத்தில் இருந்த கடலையை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். "அன்னிக்கு நான் அவங்க முன்னாடி சொல்லிக்கலாம், இல்ல?"

"சொல்லியிருக்கலாம், அத்தே."

பள்ளிக்கூடத்தில் அன்று நான் யாரையும் கேட்கவில்லை என்ற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தது. அதற்குள் அவளே பேசினாள்.

"பாவம், உங்க ஐவாரும் ஏமாந்துட்டாரு பாரு."

நான் இன்னொரு கடலையை எடுத்து உடைத்தேன்.

"அவரை எங்கயாச்சும் பாத்தா நீ கேட்டுக்கினு நிக்காத, கண்ணு. படிச்ச மனுசன். அவமானமா பூடும்."

சரி என்றேன்.